கயிறு இழுத்து ஓடும் லேத்

ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே ஒரு மோட்டார் முனகும் சத்தத்தை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? மிக்ஸி ஜாம் ஆனால் வருமே, அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். போன புதன்கிழமை மத்தியானம் எங்கள் சந்துக்குள் நுழையும்போது அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் பட்டறையிலிருந்து. நான் வெளியே இருக்கும்போது அது கேட்கவே கூடாது.

அதற்கு முன்னால் நான் செய்து வைத்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா, எனக்கு நைனா, போட் இஞ்சின் மெக்கானிக். எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தின் ஃபைபர் போட்டுகளில் பாதி, இஞ்சின் மக்கர் பண்ணினால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷீட் கொட்டகைக்குத்தான் வரும். ஷாஃப்ட் தேய்ந்தது, புஷ் கடைய வேண்டும் என்றால் மட்டும் பொன்னேரியில் இரும்பு கடையும் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அது நைனாவுக்குக் கௌரவப் பிரச்சினை. போன வருஷம் எங்கேயோ இழுத்து மூடிய ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். எட்டு பேர் பிடித்து இறக்கினார்கள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இறக்கி முடித்த பிறகுதான் மோட்டாரைப் பார்த்தோம். மூணு ஃபேஸ்.

எங்கள் தெருக் கம்பத்தில் ஓடுவதே இரண்டு கம்பி, சிங்கிள் ஃபேஸ். மூணு ஃபேஸ் வேண்டுமென்றால் மெயின் ரோட்டிலிருந்து புதுக் கம்பம் நட்டு இழுக்க வேண்டும். அதுவரைக்கும் லேத் மேல் வலை காய வைக்கலாம்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நாலு வருஷம் இ.இ.இ., அதாவது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், படித்தவள் நான். தெருவில் வேறு யாரும் படிக்காத படிப்பு. சீன் போட அதைவிட நல்ல சான்ஸ் வருமா?

“சிங்கிள் ஃபேஸ்லயும் அது ஓடும் நைனா. தானா கெளம்பாது, அவ்ளோதான். முனகிகினே நிக்கும். வெளிய இருந்து ஒரு சுத்து சுத்தி வுட்டா அதுவே புடிச்சிக்கும்.”

“எந்தப் பக்கம் சுத்தணும்?”

“எந்தப் பக்கம் சுத்துறியோ அந்தப் பக்கம் ஓடும். ஆனா பாதி பவர்தான் வரும். ஒழுங்கா ஓட்டணும்னா டிரைவ்னு ஒரு பாக்ஸ் கீது, அத்த வாங்கி வெச்சாதான்…”

பாக்ஸ் அவர் காதில் விழவேயில்லை. சுற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் விழுந்தது. முப்பது வருஷமாகக் கடலில் அவர் செய்வதும் அதுதானே. கயிற்றைச் சுற்று, இழு, இஞ்சின் பிடிக்கும்.

மறுநாளே மோட்டார் புல்லியில் அரத்தால் ஒரு வெட்டு போட்டார். புல்லியில் இரண்டு பள்ளம். ஒன்றில் பெல்ட், காலியாக இருந்த இன்னொன்றில் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு முடிச்சு. முடிச்சை வெட்டில் மாட்டி, இரண்டு சுற்று சுற்றி இழுத்தால் மோட்டார் சுழலும், முடிச்சு கழன்று கயிறு கையோடு வந்துவிடும். அந்த நொடியில் சுவிட்சைப் போட வேண்டும். மோட்டார் டப்பாவைத் திறந்து, வீட்டுக் கரெண்டின் வோல்டேஜுக்கு ஏற்ற மாதிரி, ஸ்டார் இணைப்பில் இருந்த பித்தளைப் பட்டிகளை டெல்டா இணைப்புக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். கையெழுத்துப் போடாத குறை.

ஓடியது. நிஜமாகவே ஓடியது. வேலைக்காகக் காத்திருந்த போட்காரர் ஒருத்தர் வாயில் பீடியோடு நைனாவைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னா மேஸ்திரி, மோட்டார கரெண்டுல ஓட்டறியா, கயித்துல ஓட்டறியா?”

“ரெண்டுலயும் ஓட்டுவேன். நீ வலிக்கிறியா, வா.”

“அய்ய, நா இஞ்சின வலிச்சே தோளு எறங்கிப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நாலு பேருக்கு போன் போட்டு வேறு பெருமையடித்தேன்.

பயம் எப்போது ஆரம்பித்தது என்றால், நைனாவின் கையைக் கவனித்த அன்றைக்கு. சுவிட்ச் கதவுப் பக்கம், மோட்டார் அந்த மூலையில். நடுவில் ஐந்தாறு எட்டு நடக்க வேண்டும். அதனால் அவர் இழுப்பார், “போடு” என்பார், நான் போடுவேன். அன்றைக்கு அவர் கயிற்றை வெறுமனே பிடிக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தார். கடலில் ஈரக் கை வழுக்கும் என்று இங்கே எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். அவர் இழுத்தார், நான் அவசரத்தில் ஒரு நொடி முன்னாலேயே சுவிட்சைத் தட்டிவிட்டேன். முடிச்சு கழலவில்லை. மோட்டார் கயிற்றைத் தன் பக்கம் சுருட்டிக்கொண்டது. நைனா கையில் கிரீஸ் இருந்தது, அதனால் கயிறு உருவிக்கொண்டு போனது. போன வேகத்தில் சுழன்று டீ கிளாஸை அடித்துச் சுவரில் தெறிக்க விட்டது.

நான் சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். நைனா கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக்கொண்டே, “கிளாஸுக்கு உங்கம்மாகிட்ட நீயே பதில் சொல்லு” என்றார்.

கிரீஸ் இல்லாமல் இருந்திருந்தால்? கை கயிற்றோடு புல்லிக்குப் போயிருக்கும். புல்லிக்குப் பக்கத்தில் பெல்ட். அதற்கு மேல் யோசிக்க நான் தயாராக இல்லை, ஆனால் தினமும் யோசித்தேன். சோறு பிசையும்போது அவர் விரல்களை எண்ணுவேன். கிறுக்கு மாதிரிதான். ஐந்து இருக்கும்.

அன்றிலிருந்து ரூல் போட்டேன். கையில் கயிற்றைச் சுற்றக் கூடாது. கயிறு முழுசாக வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிட்ச். நான் இல்லாமல் லேத்தைத் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் “செரிம்மே, செரி” என்றார்.

புதன்கிழமை சென்னையில் எனக்கு இன்டர்வியூ. வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். பஸ்ஸில் செம சந்தோஷமாக வந்தேன். சந்துக்குள் நுழைந்தால் அந்த முனகல்.

அதற்கு ஒரே அர்த்தம்தான். சுவிட்ச் ஆனில் இருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. தனியாள் என்பதால் சுவிட்சை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் மூலைக்குப் போய்க் கயிற்றை இழுக்கப் போகிறார். மாட்டிக்கொண்டால் அணைக்க ஆளில்லை. ஓடினேன். பின்பக்கம் போக நேரமில்லை. மெயின் போர்டு வாசலிலேயே இருக்கிறது. பட்டறை லைனின் ஃபீஸ் கட்டையைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். முனகல் நின்றது.

நின்றபோது நைனாவின் கை வெளியே இருந்ததா, உள்ளே போயிருந்ததா, அது தெரியவில்லை. அடுப்பங்கரை வழியாகப் பின்பக்கம் போன அந்தப் பத்து எட்டை நான் எப்படி நடந்தேன் என்று இப்போதும் ஞாபகமில்லை.

நைனா மோட்டார் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். கயிறு உள்ளங்கையில் இரண்டு சுற்று. கரெண்ட் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

“வந்துட்டியா. கரெண்டு பூட்ச்சி பாரு.”

“பூடல. நான்தான் ஃபீஸ் கட்டைய புடுங்கினேன்.”

“இன்னாத்துக்கு?”

“கயிறு மாட்டிக்கினா யாரு ஆஃப் பண்ணுவா? பக்கத்து வூட்டு கோழியா?”

“மாட்டாதும்மே. எத்தினி தபா இழுத்துட்டேன்.”

“எத்தினி தபா?”

நைனா புல்லி பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ வெளிய போற அன்னிக்கெல்லாம்தான்” என்றார்.

நான் போய் புல்லியைப் பார்த்தேன். கயிற்றின் இரண்டாவது சுற்று முதல் சுற்றின் மேல் ஏறி அதை அமுக்கிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். புல்லி அசைந்தது, முடிச்சு கழலவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அப்போதும் கழலவில்லை. நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையிலிருந்து கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். பிரித்த இடத்தில் தோல் வெளுத்து வரி விழுந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நீ வேலைக்குப் போ. நீ இல்லாதப்ப இத்த தொட மாட்டேன்.”

“இதையேதான் போன தபாவும் சொன்ன.”

“அப்ப கயிறு ஏறிக்கினத பாக்கலியே.”

நேற்று ஒருத்தர் உடைந்த ஷாஃப்டோடு வந்தார். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போக வேண்டுமாம். நைனா அதை வாங்கி லேத் மேல் வைத்ததை நான் பார்த்தேன். பொன்னேரிக்கு அனுப்பு என்றேன். பார்க்கலாம் என்றார். இன்று திங்கட்கிழமை, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஃபீஸ் கட்டையை என் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு கம்பியைச் சொருகினால் போதும் என்பது அவருக்கும் தெரியும். அம்மா ஏரிக்கரைக்கு நண்டு எடுக்கப் போயிருப்பாள், மத்தியானம்தான் வீட்டுக்கு வருவாள்.

பஸ் பொன்னேரியை நெருங்கிவிட்டது. நைனா நம்பருக்கு நாலு தடவை அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை.