கராம்பும் பரிவட்டமும்

காலை எட்டரைக்கு என் கண்டி அலுவலகப் படியில் ஏழு பேர் நின்றால், ஆறு பேர் ஏதாவது ஒப்பந்தத்தோடு வந்திருப்பார்கள். ஏழாவது ஆள் முத்துலெட்சுமியைப் போல வீட்டைக் காப்பாற்ற வந்திருப்பார். வணிகச் சட்டத்தையும் மனித உரிமையையும் ஒரே மேசையில் வைத்துப் பிழைக்கிறவளின் காலை இப்படித்தான் தொடங்கும். லண்டனில் பாரிஸ்டர் ஆவதற்கு முன்பு ஒரு நாளிதழுக்கு நீதிமன்றச் செய்தி எழுதினேன். இரண்டு தொழிலும் ஒரே பாடத்தைத்தான் சொல்லித்தந்தன: ஆள் பேசத் தொடங்கினால் குறுக்கே போகக் கூடாது. நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்து இடுப்பு நொந்தவரானால், நீங்களும் என் இனம்தான், மேலே படியுங்கள்.

கராம்புக்கு என்ன உரிமை?

கலகெதரையில் மிளகும் கராம்பும் வாங்கி ஏற்றுமதி செய்கிற ஹாஜியார் ஒருவர் எனக்குப் பழைய கட்சிக்காரர். ஒரு நாள் வெளிநாட்டுக் கொள்வனவாளர் அனுப்பிய புதிய ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு வாசகம் அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருந்தது. சரக்கு கைமாறி வருகிற வழியில் யாரையாவது நிலத்தைவிட்டு விரட்டியிருந்தாலோ, விரட்டப் பார்த்தாலோ, பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்தாலோ, கொள்வனவாளர் அந்த நிமிடமே விலகிக்கொள்ளலாம்.

“கராம்பு வாங்குறவனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு மிஸ்?” என்றார். இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் இது வருகிறது, நீங்கள் ஒழுங்காக நடப்பவர், உங்களுக்குப் பயமில்லை என்றேன். அரை நாள் வாதாடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: “முந்தி கராம்ப மட்டுந்தான் மோந்து பாப்பானுகள். இப்ப எங்களயும் மோந்து பாக்கிறானுகள் மிஸ்.”

ஏழாவது ஆள்

முத்துலெட்சுமி பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வீடு ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை. அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் அதே லயத்தில் இருந்தவர்கள். தோட்டத்தை வைத்திருந்த கம்பனி அந்தச் சரிவை ஒரு ஹோட்டலுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. பிறகு நீதிமன்றம் போய், “இந்த லயம் பல வருடங்களாக வெறுமையாகக் கிடந்தது, இப்போது இருப்பவர்கள் அண்மையில் புகுந்தவர்கள், லயத்தின் கோடியில் உள்ள மாரியம்மன் கோயிலும் இரண்டு வருடத்துக் கொட்டகைதான்” என்று சொல்லி, எல்லாரையும் வெளியேற்றக் கேட்டது.

ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். லயத்தில் காணியும் தோட்டத்தின் பேரில், கரண்டும் தோட்டத்தின் பேரில். வருகிற தபாலும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். “கூரத் தகரம் ஒழுகுது மிஸ். மாத்தலாம்னா, மாத்தின கையோட எறங்கச் சொல்லிட்டா என்ன பண்றது?” என்றார். அவருக்குத் தெம்பூட்ட நினைத்து, குடியிருக்கும் உரிமையைப் பற்றி ஜெனீவாவில் நான் பேசிய கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “அத கண்டி கோட்டுலயும் கொஞ்சம் பேசுங்க மிஸ். வீடு இங்கதான இருக்கு.”

தலையில் கட்டியது

தோட்டத்துத் திருவிழாவில் முதல் மரியாதை துரைக்கு, அதாவது மேனேஜருக்கு. லயத்துக் கோடியில் உள்ள அந்த மாரியம்மன் முன்னால் அவர் தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டுவார்கள். அவருக்குப் பிறகுதான் வேலையாட்களை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையும் மற்றவர்களும். துரை எந்த மதமானாலும் தலையைக் கொடுப்பார். இந்த வரிசை பிசகித் திருவிழாவே நின்றுபோன தோட்டங்கள் உண்டு.

கம்பனியின் சாட்சி அந்த மேனேஜர்தான். நன்றாகப் பழக்கியிருந்தார்கள். லயம் வெறுமை, கோயில் புதுசு, ஆட்களைத் தெரியாது என்று அசையாமல் நின்றார். நான் எதையும் மறுக்கவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன்: “போன திருவிழாவில் முதல் பரிவட்டம் கணக்கப்பிள்ளைக்கா கட்டினார்கள்?”

மேனேஜரின் முகம் சிவந்தது. அவர் சிங்களத்தில் சொன்னது தமிழில் இதுதான்: “கணக்கப்பிள்ளைக்கா? நான் நிற்கும்போதா? இந்தத் தோட்டத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல். ஒவ்வொரு வருஷமும் எனக்குத்தான் முதலில் கட்டுகிறார்கள்!” யார் கட்டுகிறார்கள் என்றேன். “வேறு யார், அந்த லயத்து ஆட்கள்தான்.” நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் மேனேஜருக்கு விளங்கவில்லை.

கம்பனிக்காக வாதாடியவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் பழைய நண்பர். தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். “நீர் பொல்லாத ஆள்! அந்த மனுசனுக்கு நான் எல்லாம் சொல்லிக் குடுத்தனான். கணக்கப்பிள்ளைக்குப் பின்னால நிக்கச் சொல்லி மட்டும் சொல்லிக் குடுக்கேல்லை.”

மோந்து பார்த்தவர்கள்

வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது. கம்பனி மேன்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னது. மேன்முறையீடு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்: முத்துலெட்சுமியின் தகரம் இன்னும் எத்தனை மழைக்கு ஒழுகும் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் கலகெதரை ஹாஜியார் ஞாபகத்துக்கு வந்தார். ஹோட்டல் ஒப்பந்தத்தைக் கம்பனியே வழக்கில் தாக்கல் செய்திருந்தது. ஹோட்டலின் வெளிநாட்டுப் பங்காளிக்காக அதிலும் அதே கராம்பு வாசகம் இருந்தது. பங்காளியின் சட்டத்தரணிகளுக்குத் தீர்ப்பை அனுப்பினேன். கண்ணீர், கருணை என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இந்த வாசகம் இருக்கிறது, இங்கே நடப்பது இது, அவ்வளவுதான். அவர்கள் விலகினார்கள். ஹோட்டல் போனதும் கம்பனிக்கு மேன்முறையீட்டில் ஆசை போய்விட்டது.

பகல் சாப்பாட்டு நேரம் பார்த்து முத்துலெட்சுமிக்குப் போன் எடுத்தேன். வழக்கு முடிந்தது, இனி யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் கேட்டார்: “அப்ப தகரத்த மாத்திரலாமா மிஸ்?”

அடுத்த சித்திரையில் ஹந்தானைக் கோயிலில் திருவிழா நடந்தது. கம்பனியிலிருந்து யாரும் வரவில்லை. முதல் பரிவட்டம் கணக்கப்பிள்ளைக்குக் கட்டப்பட்டது.