மருந்து ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தவள்

பேய்க் கதை பேசுகிற இடத்தில் நான் உட்காரவே மாட்டேன். பட்டாசுத் தொழில் செய்கிறவன் தீப்பொறிக்கும் இடிமின்னலுக்கும் பயந்தால் போதும், செத்தவர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று என் மச்சினனிடம் ஒருமுறை சண்டையே போட்டிருக்கிறேன். கோயிலுக்குக்கூட என் மனைவி ஜெயா இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மீதியைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கப்போகிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எங்கள் பட்டாசுக் கம்பெனி தாயில்பட்டியைத் தாண்டி கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது, வீடு சிவகாசியில். முன்பெல்லாம் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்து, கதவைத் தொட்டு இழுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். பிறகு என் மகன் அங்கங்கே கம்பம் நட்டுக் கேமரா மாட்டினான், என் செல்போனிலும் ஜெயாவின் போனிலும் அதைப் பார்க்கிற ஆப்பைப் போட்டுக்கொடுத்தான். ஜெயா அதைத் திறந்ததே இல்லை. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

கண் விழித்ததும் கேமரா, காபி டம்ளர் ஒரு கையில் என்றால் மறுகையில் கேமரா, கல்யாண வீட்டில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் ஒரு தடவை கேமரா. அதில் ஒன்றும் நடக்காது. காலியான வளாகம், நாய், காற்றில் உருளுகிற காகிதம், அவ்வளவுதான். ஆனாலும் பார்க்காவிட்டால் பீடியை விட்டவன் கை மாதிரி விரல் நமநமவென்றிருக்கும். கம்பெனிக்கு நேரில் போவது மெல்லக் குறைந்தது, தீபாவளி சீசன் முடிந்து வேலை நின்றதும் அதுவும் இல்லாமல் போனது. எல்லாம்தான் கைக்குள்ளேயே தெரிகிறதே என்று இருந்துவிட்டேன்.

"அந்தப் போனையே கட்டிருக்கலாம்ல, என்னைய எதுக்குக் கட்டுனீக?" என்று ஜெயா கேட்பாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன்.

அது மழைக்காலம். கம்பெனியில் வாட்ச்மேன் மாடசாமி மட்டும்தான். மத்தியானம் சாப்பிட்டதும் கடைசியில் இருக்கிற, வெடிமருந்து வைக்கிற மருந்து ரூம் வாசலில் சாக்கை விரித்து அவர் ஒரு தூக்கம் போடுவார், அங்கே தகரச் சாய்ப்பு இருப்பதால் நனையாது. நானும் அதே நேரத்துக்கு வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் தூங்குவதைப் பார்த்தபடியே கண்ணை மூடுவேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு அதுதான் என் வழக்கம்.

அப்படி ஒரு மத்தியானம் போனைத் திறந்தால் மாடசாமியின் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, நம் கம்பெனிகளில் வேலை செய்கிற பொம்பளைகள் போட்டுக்கொள்வது மாதிரி. முதுகுதான் தெரிந்தது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெள்ளி மாதிரி மினுங்கியது. அலுமினியப் பவுடரில் வேலை பார்க்கிறவர்கள் கை அப்படித்தான் இருக்கும், ஆனால் வேலை நின்று நாளாகிவிட்டதே.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உடனே மாடசாமியைக் கூப்பிட்டேன். வேலை நடக்கிற நாளில் செல்போன் வளாகத்துக்குள் போகவே கூடாது, மூடிக்கிடந்ததால் அவர் இடுப்பில் ஒரு பட்டன் போன் இருந்தது.

"ஏய்யா, பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே மொதலாளி."

"பொம்பள ஒண்ணு உக்காந்திருக்கு, நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன்ல?"

அவர் எழுந்து உட்கார்ந்து இடது பக்கம் பார்த்தார். நம்பினால் நம்புங்கள், அவளும் இடது பக்கம் பார்த்தாள். அவர் வலது பக்கம் திரும்பினார், அவளும் திரும்பினாள், அவர் யாரையோ தேடுகிறாரே என்று தானும் கூடச் சேர்ந்து தேடுகிற மாதிரி.

"எம் பொஞ்சாதி போனதுலருந்து நான் யாரு மொகத்தையும் ஏறிட்டுப் பாத்ததில்ல மொதலாளி. நீங்க இப்படிக் கேக்கலாமா?" என்றார் மாடசாமி. நான் போனை வைத்துவிட்டேன்.

ஜெயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணுக்கு மாடசாமி மட்டும்தான் தெரிந்தார். "மொதல்ல கண்ணாடிய மாத்துங்க, அப்புறம் அந்தாள வையலாம்" என்றாள்.

மறுநாளும் அந்தப் பெண் வந்தாள். இந்தத் தடவை தலைமாட்டில் இல்லை, அவருக்கும் கதவுக்கும் நடுவில், கதவைப் பார்த்தபடி. போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். எடுக்கும்போதெல்லாம் அவள் இருந்தாள். அடுத்த நாள் மத்தியானம் ஜெயாவிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான் அந்த ரோட்டில் போகிறேன்.

மழை விட்டிருந்தது. மாடசாமி சாக்கில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. வாசல், ஈரம், அவர் சாப்பிட்ட தூக்குவாளி, அவ்வளவுதான். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜெயாவைக் கூப்பிட்டு, அவள் போனில் அந்த ஆப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"நீங்க நிக்கிறீக. மாடசாமியண்ணன் படுத்திருக்காரு" என்றாள்.

"வேற யாராச்சும் தெரியுறாகளா ஜெயா?"

"அந்தப் பிள்ள யாருங்க?"

"எந்தப் பிள்ள?"

"உங்க காலுகிட்ட உக்காந்திருக்கே, சட்டை போட்டுக்கிட்டு." அவள் குரல் இறங்கிவிட்டது. "கதவுல கைய வச்சிருக்கா. கதவோட கீழ்ப்பக்கம். என்னங்க, திரும்பி உங்களத்தான் பாக்குறா."

நான் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏன் குனிந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, ஜெயா சொன்ன இடத்தில் என் கையை வைத்தேன். வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். ஊரெல்லாம் மழையில் குளிர்ந்து கிடக்கிறது, அந்த இரும்புக் கதவு மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது.

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. மாடசாமியின் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன், அவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் இழுத்துக்கொண்டு ஓடினேன். மெயின் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்று போர்மேன் கணேசனைக் கூப்பிட்டு, கதவு சுடுவதைச் சொன்னேன்.

"கதவத் தொறந்துறாதீக மொதலாளி. தண்ணி கிண்ணி ஊத்தீராதீக. நீங்க ரெண்டு பேரும் அங்கன நிக்கவே கூடாது, தள்ளிப் போங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ரூம் வெடித்துப்போனது. ஓடு மேலே எழும்பியதைப் பார்த்தேன், சத்தம் அதற்குப் பிறகுதான் வந்த மாதிரி இருந்தது. மாடசாமி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "என் சாக்கு அங்கனதான கெடக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரை ஒழுகி, மீந்துபோன மருந்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்து நனைந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டு போகும், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். நேரில் போய்க்கொண்டிருந்த காலமாக இருந்தால் முதல் நாளே என் கைக்குத் தெரிந்திருக்கும். கேமராவில் சூடு தெரியாதே. அதற்கெல்லாம் விளக்கம் இருக்கிறது. மற்றதற்குத்தான் இல்லை. கேமராப் பதிவை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மாடசாமி இருக்கிறார், நான் இருக்கிறேன், குனிகிறேன், ஓடுகிறேன். அவள் எதிலும் இல்லை. எங்கள் கம்பெனியில் இன்றுவரை ஓர் உயிர்கூடப் போனதில்லை. எனக்கு முன்னால் அந்த இடத்தை வைத்திருந்தவர் காலத்தில் என்ன நடந்ததோ, நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் வரவில்லை என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். மறுபடியும் விடியற்காலையில் பைக்கில்தான் போகிறேன், ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

ஆனால் ஜெயா இருக்கிறாளே, அந்த ஆப்பைத் திறந்தே பார்க்காதவள், இப்போது தினமும் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால், சும்மாதான் என்கிறாள். போன வாரம் நான் கட்டிலில் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"சாப்பிட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

போனில் யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. கையிலிருந்த போனில் கம்பெனி வளாகம்தான் தெரிந்தது, நான் படுத்திருந்த இடத்திலிருந்தே பார்த்தேன், ஆளில்லாத வளாகம். அந்தக் கேமராவில் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது, வெறும் படம்தான் வரும். ஜெயா தலையைச் சாய்த்து, எதிரில் ஒருவர் பேசுவதைக் கேட்கிற மாதிரி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சரிம்மா, அவுககிட்ட சொல்லிர்றேன்" என்றாள். போனை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்னும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.