கல் பதித்த சட்டி

ஐந்தாறு வருடங்களுக்கு முன், ரொறன்ரோவில் சினோப் பனி உருகி ரோட்டெல்லாம் சேறாய்க் கிடந்த ஒரு சனிக்கிழமை நடந்தது இது.

என் மகனும் ஒரு மன்னார்ப் பெண்பிள்ளையும் விரும்பியிருந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர். சேர்ச்சில்தான் கலியாணம் என்று பெண்ணின் தாய் நின்றா. ஐயர் வைத்துத்தான் என்று நான் நின்றேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடத்தான். கலியாணப் பேச்சே நின்றுபோனது. மகன் வீட்டில் சாப்பிடுவதையும் குறைத்துவிட்டான்.

அந்தப் பிள்ளைக்கு நூதனசாலையில் வேலை. பிரித்தானியாவை ரோமர் ஆண்ட காலத்தில், சட்டிபானை சுட்டு ஆற்றுவழியே விற்றுப் பிழைத்த ஓர் ஊரைப் பற்றிக் கண்காட்சி வைத்திருந்தாள். இரண்டு தாய்மாரையும் கூப்பிட்டாள். ஸ்காபரோவிலிருந்து வேறு வேறு காரில் போய் இறங்கினோம். "சுகமே?" என்று அவ கேட்க, "ஓம்" என்றேன். அவ்வளவுதான்.

ஆளுக்கொரு பக்கமாய்ப் பார்த்துக்கொண்டு போனோம். கடைசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அகன்ற மண்சட்டி, உள்ளே சொரசொரவென்று. நான் என்னை மறந்து, "அட, எங்கட அரிக்கன் சட்டி!" என்றேன். அரிசி கழுவும்போது கல்லைப் பிடிக்க உள்ளே வரிவரியாய் இருக்குமே, அந்தச் சட்டி.

"இல்லை அன்ரி, உது அரைக்கிற சட்டி," என்றாள் பிள்ளை. "நல்லா அரைபடத்தான் உள்ளுக்குச் சின்னச் சின்னக் கல் பதிச்சிருக்கினம்."

அவளின் தாய் எட்டிப் பார்த்தா. "ஐயோ, கல்லை எடுக்க நாங்கள் சட்டி வைச்சிருந்தம். உவை சட்டிக்குள்ளையே கல்லை வைச்சிருக்கினம்!"

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்க்க, அவவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. பிறகு கீழே கோப்பியோடு இருந்து, சோற்றில் கல் கடிபட்டுத் தகப்பன்மார் கோபத்தில் எழும்பிப்போன கதையெல்லாம் கதைத்தோம். எழும்பும்போது அவதான் சொன்னா: "காலமை சேர்ச், பின்னேரம் உங்கட ஐயர். பிள்ளையளை ஏன் வதைக்கவேணும்?" நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு மரக்கறி வாங்கப் போவதென்றாலும் சேர்ந்துதான் போவோம். போன குளிருக்கு அவ எங்களை விட்டுப் போய்விட்டா.

இங்கத்தைப் பைக்கற் அரிசியில் கல் ஏது? ஆனாலும் அரிசி கழுவும்போதெல்லாம் அவவின் குரல் கேட்கும், தனியே நின்று சிரிப்பேன், கண்ணும் கலங்கும். அன்று அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தால், இந்த வயதில் கிடைத்த ஒரே சிநேகிதியை இழந்திருப்பேனே என்று நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுகிறது.