விளக்கு வைக்கிற நேரத்தில் சாத்திய கடை

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் அப்பாவின் பலசரக்குக் கடை, பின்பக்கம் ஒரே அறையில் நாங்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் கடையில் நிற்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம். ஹார்பர் வேலை முடிந்து கூட்டம் வரும் நேரம் அது. மிளகாய்ப் பொட்டலம் மடித்துக்கொண்டே இங்கிலீஷ் படித்தால் மண்டையில் ஏறுமா, என்ன?

அரையாண்டுத் தேர்வில் இங்கிலீஷில் பெயில். அப்பாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார் டீச்சர். மாமா வீட்டில் வேறு என்னைப் பெண் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பெயிலானால் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. பிள்ளை வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டார், அவ்வளவுதான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வீடு வரும்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நம் படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா கடைக்குப் பலகை போட ஆரம்பித்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் சாத்தினால் லட்சுமி போய்விடுவாள் என்று அம்மா பதறினார். சாவு விழுந்தாலோ, கல்யாணம் பேச ஆள் வந்தாலோதான் அந்த நேரத்தில் கடை சாத்துவது. சாவு இல்லை. அப்படியானால் மாமா வீட்டார் வருகிறார்கள்! அடுப்படியில் நின்று அழுதேன்.

"ஏளா, புஸ்தகத்த எடுத்துட்டு இங்கன வா."

கடைக்குள் மூட்டைகளை ஒதுக்கி, பெரிய பல்புக்குக் கீழே முக்காலி போட்டிருந்தார் அப்பா. வெளியே போய்க் கடைசிப் பலகையையும் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். சரக்கு வாங்க வந்தவர் பதறிக் கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, சாத்திட்டிய? வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலியா?"

"அதெல்லாமில்ல. உள்ள பிள்ளை படிக்கா. காலைல வாங்க."

பரீட்சை வரை இப்படித்தான். வாடிக்கையில் பாதி எதிர்க்கடைக்குப் போனது. இதற்குப் பிறகும் பெயிலானால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து பயந்தே படித்தேன். பேப்பரில் என் நம்பரைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்று சாயங்காலம் அப்பா கடையைத் திறந்து வைத்து, விளக்கை மட்டும் என்னை ஏற்றச் சொன்னார்.

பின்னாளில் நானும் இங்கிலீஷ் டீச்சரானேன். மார்க் குறைந்த பிள்ளையிடம் ஏன் படிக்கவில்லை என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை. சாயங்காலம் வீட்டில் எங்கே உட்காருவாய் என்றுதான் கேட்டிருக்கிறேன்.