ஸ்டெல்லா இல்லாத வெள்ளி விழா

போன வாரம் மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டிபன் கடையில் பொங்கலைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். பொங்கல் மேல் குற்றமில்லை. சுவரில் இருந்த டிவியில், நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த காலை நிகழ்ச்சியின் வெள்ளி விழா ஓடிக்கொண்டிருந்தது. தொகுப்பாளர்களைப் பழைய படங்களோடு காட்டினார்கள். மூன்றே மாதத்தில் சினிமாவுக்கு ஓடியவர் வந்தார். ராசிபலன் சொன்னவர்கூட வந்தார். எட்டு வருஷம் நடத்திய ஸ்டெல்லா மட்டும் வரவில்லை.

சாம்பாரை மீறி அந்த ஸ்டுடியோவின் வாசனை வந்தது எனக்கு: முகப் பவுடரும் சூடேறிய விளக்கும் கலந்தது. அங்கே என் வேலை, நேயர்களின் அழைப்பை எடுத்து, "டிவி சத்தத்தக் கொறைங்க" என்று சொல்லி நேரலையில் இணைப்பது. பழக்க தோஷத்தில் வீட்டில் யாராவது பேச வந்தாலும் அதையே சொல்வேன்.

ஸ்டெல்லா கருங்குழிக்காரி. வயல் கூலி வேலைக்குப் போன பெற்றோர் படிக்க வைத்த பெண். கேமரா முன்னால் அச்சடித்த தமிழ் பேசுவாள். விளக்கு அணைந்ததும், "இன்னாப்பா, நாஸ்தா வந்துச்சா?" என்பாள். உடன் தொகுத்த கோகுல் அதை எல்லோர் முன்னாலும் பேசிக் காட்டிக் கேலி செய்வான்.

ஒரு மழைக்காலத்தில் மாமல்லபுரம் கடற்கரையைப் பற்றி நேரலை. விருந்தினர், அங்கே சொகுசு விடுதி வைத்திருந்தவர்; நிகழ்ச்சிக்கு விளம்பரமும் அவருடையதுதான். நான் இணைத்த அழைப்பு அந்த விடுதிக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து.

"அவுரு கட்டுன மதிலாலதாம்மா தண்ணி வெளிய போவல. கொழந்தைய கட்டில் மேல நிக்க வெச்சிகினு பேசறேன்."

"கட் பண்ணு" என்று தயாரிப்பாளர் கத்தியது என் ஹெட்போனிலும் கேட்டது. கோகுல் சிரித்த முகத்தோடு, "அடுத்து ஒரு பாடல்" என்றான். ஸ்டெல்லா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நீ சொல்லும்மா. வூட்ல எவ்ளோ தண்ணி கீது?"

"முட்டிக்கு மேல கீது."

ஸ்டெல்லா விருந்தினர் பக்கம் திரும்பினாள். "அண்ணாத்த, மதில எப்ப ஒடைக்கிறீங்க?"

ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர் வேறென்ன சொல்வார்? "இன்னிக்கே" என்றார். மத்தியானத்துக்குள் மதிலை இடித்தார்கள். தண்ணீர் வடிந்தது.

மறுநாள் ஸ்டெல்லாவின் நாற்காலியில் வேறொரு பெண். கேட்டதற்கு, உச்சரிப்பு சரியில்லை என்றார்கள். எட்டு வருஷமாக எந்த நேயர் காதையும் உறுத்தாத உச்சரிப்பு, ஒரு மதில் இடிந்த அன்றைக்குக் கெட்டுப்போய்விட்டது.

டிபன் கடை டிவியில் கடைசியாகக் கோகுல் வந்தான். தலை நரைத்து, குரல் கனிந்து, "மாமல்லபுரத்தில் வெள்ளத்தில் தவித்த ஒரு தாய்க்கு நான் நேரலையிலேயே நியாயம் வாங்கிக் கொடுத்தேன்" என்றான். அப்போதுதான் எழுந்தேன்.

ஸ்டெல்லா இப்போது செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். மூஞ்சியக் காட்டலன்னா போவட்டும். என் பேச்சக் கேலி பண்ணிகினு இருந்தவன், நான் பேசுனத அவன் பேசுனதா சொல்றான் பாரு. அதான் எரியுது."

ஆதாரம் காட்டலாம் என்று பழைய பதிவைக் கேட்டு டிவி அலுவலகத்துக்குப் போனேன். கட்டடம் மாறியபோது கேசட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எட்டு வருஷக் காலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

நேயர் அழைப்பை இப்போது யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். அந்த அலுவலக வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. நிகழ்ச்சியை முதல் நாளே பதிவு செய்துவிடுகிறார்களாம். அழைப்பதற்கு நம்பரே கிடையாதாம்.