பலகையில் இரண்டு பூஜ்யங்கள்

அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எண்பதுகளின் நடுவில் பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் நாங்கள் இருவரும் இருதய அறுவைப் பிரிவின் சிஸ்டர்கள். இரண்டு வார்டு, ஒன்று என் பொறுப்பு, மற்றது அவள் பொறுப்பு. என்னைவிட ஆறு வயது இளையவள். நோயாளிகள் என்னைக் கண்டால் படுக்கையில் நேராக உட்காருவார்கள். அவளைக் கண்டால் சிரிப்பார்கள்.

பெரிய டாக்டர் வெளிநாட்டில் படித்து வந்தவர். மாதக் கடைசியில் டீ குடிக்கும் அறையின் பலகையில் எழுதச் சொல்வார்: எந்த வார்டில் எத்தனை ஆபரேஷன், எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடித்தது, எத்தனை பேர் இறந்தார்கள். குறை தெரிந்தால்தான் திருத்த முடியும் என்பார். எனக்கோ அது குதிரைப் பந்தயம். ஒரு மாதம் அவள் பக்கம் ஒரு சாவு விழுந்தபோது, கடவுளே, நான் டீயில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டேன். அதன் பிறகு மூன்று மாதம் தொடர்ந்து அவளுக்குப் பூஜ்யம். டாக்டர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

நான்காம் மாதக் கடைசி. என் வார்டில் துறைமுகத் தொழிலாளி ஒருவர், வால்வு மாற்றி ஐந்து நாள் ஆகியும் தேறாமல் கிடந்தார். பிழைப்பாரா மாட்டாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உயிர் வீட்டில்தான், சாமி படத்துக்கு முன்னால்தான் பிரிய வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அவர் மனைவி வந்து, ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அழுதாள். இப்படிக் கேட்டு வருகிறவர்களை நான் திட்டி உட்கார வைப்பேன். இரண்டு நாள் பொறு, அப்புறம் பேசலாம் என்பேன். அன்றைக்குப் பலகை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது: வீட்டில் போனால் என் வார்டுக் கணக்கில் ஏறாது. சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகும் தாளை நீட்டி, பேனாவையும் அவள் கையில் வைத்தேன். பயிற்சி டாக்டர் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில், வீடு திரும்பினார் என்று எழுதினேன். பொய் இல்லையே?

பலகையில் இரண்டு பூஜ்யங்கள், பக்கத்துப் பக்கத்தில். அதற்குள் எனக்கு இன்னொரு அரிப்பு: அவளுடைய பூஜ்யங்களும் இதே ரகம்தானோ? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் புத்தி. அவள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் குட்டை உடைத்துவிடலாம் என்று மேசை டிராயரைத் திறந்தேன்.

நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போன ஒவ்வொருவரின் விலாசம், போக வேண்டிய பஸ், முப்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது எப்படி இருந்தார் என்ற விவரம். லீவு நாளெல்லாம் இதற்கே போயிருக்கிறாள். ஒருவர் பத்தாம் நாள் வீட்டில் இறந்ததை, யாரும் கேட்காமலே, தன் வார்டுக் கணக்கில் சேர்த்திருந்தாள். நான் சீனி போட்டுக் குடித்தது அந்தச் சாவுக்குத்தான். கடைசிப் பக்கத்தில் துறைமுகத்துக்காரர் இருந்தார்.

நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள். திருட்டு முழி முழித்தேன். அவள் அந்தக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அவரு எங்க அடுக்குமாடி புளோக்குதான், அக்கா. வீட்டுக்கு வந்த மூணாவது நாள் போயிட்டாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்களே எழுதிடுங்க லா."

"அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்க," என்றேன்.

"போட்டாங்க. ஆனா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. பெரிய சிஸ்டர் எல்லாரையும் திட்டி உக்கார வெப்பாங்களாமே, என்னை மட்டும் ஏன் திட்டலன்னு."

டீ அறைக்குப் போய் என் பூஜ்யத்தை விரலால் அழித்து, ஒன்று போட்டேன். அவளுடைய பூஜ்யம் அப்படியே இருந்தது. அப்போதும் வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அவளால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. நான் ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் இருமுறை ஏறி, இருமுறையும் பாதி வழியில் இறங்கிவிட்டேன்.