ஏலக்காய் ஸ்டோரில் இறங்கிய விமானம்

விமானத்தையும் வீடு தேடி வந்து விற்பார்கள் என்று எனக்கு முப்பது வயது வரை தெரியாது. பஸ்ஸைப்போல அதையும் யாரோ செய்வார்கள், யாரோ ஓட்டுவார்கள் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட் பங்களாவில் சமையலும் விருந்தாளி கவனிப்பும் என் வேலை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியையெல்லாம் வந்து போகிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டதுதான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் முதலாளியின் சிநேகிதர் ஒருவர் வந்து தங்கினார். பாலக்காட்டு அக்ரஹாரத்துக்காரர், பம்பாயில் ஒரு விமானக் கம்பெனியில் பெரிய எஞ்சினியர். அவர்கள் புதிதாகப் பெரிய விமானங்கள் வாங்கப் போகிறார்களாம். விற்க இரண்டு கம்பெனிகள் மல்லுக்கு நிற்கின்றன. எதை வாங்கலாம் என்று இவர்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்காகத்தான் ஆள் அரவமில்லாத எங்கள் மலைக்கு வந்திருந்தார்.

காப்பி கொடுக்கப் போகும்போதெல்லாம் எதையாவது கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார்.

"ஒருத்தனோடதுக்கு ரெண்டு எஞ்சின், இன்னொருத்தனோடதுக்கு மூணு. மூணுன்னா ஒண்ணு நின்னாலும் ரெண்டு இருக்கும். ரெண்டுன்னா எண்ணெய்ச் செலவு கம்மி, ரிப்பேரும் கம்மி. எது ஒசத்தி, நீயே சொல்லு."

வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் முந்திக்கொண்டார். அவர் போடிக்காரர். வாய் சும்மா இருக்காது. "நின்னுபோச்சுன்னா எறங்கித் தள்ள முடியுமாங்கய்யா? அதச் சொல்லுங்க மொதல்ல."

எஞ்சினியர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஜீப்பைத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர்.

ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவீர்களா என்று இன்னொரு நாள் கேட்டேன். கம்பெனிக்காரர்களே கொண்டுவந்து காட்டுவார்கள், மேலே ஏற்றிச் சுற்றுவார்கள், விருந்து வைப்பார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு பேரோட ஆளும் என்னைத் தேடிண்டு இங்கேயும் வருவா. யார் எதைக் கொடுத்தாலும் என் ரூமுக்குள்ளே வரப்படாது, கேட்டியா? ஒரு பேனா வாங்கினேன்னு தெரிஞ்சாலும் போறும், முப்பது வருஷமாச் சேர்த்த பேர் போயிடும். அப்பறம் நான் எழுதறதை எவன் நம்புவான்?"

பூஜைக்கு முதல் நாள் அவர் ஓடைப் பக்கம் நடக்கப் போயிருந்தார். ஒரு கார் வந்தது. கோட்டுப் போட்ட பம்பாய்க்காரர் இறங்கி, ஒரு பெட்டியை வராந்தாவில் வைத்து, "சாருக்கு" என்று இங்கிலீஷில் சொன்னார். ரூமுக்குள் விட மாட்டோம் என்பதை நான் என் இங்கிலீஷில் கோத்து முடிப்பதற்குள் கார் வளைவு தாண்டிவிட்டது.

பெட்டியைத் திறந்தேன். ஒரு முழ நீளத்தில் வெள்ளிபோல் மின்னும் பொம்மை விமானம். இறக்கைக்குக் கீழே இரண்டு எஞ்சின்.

ரூமுக்குள் கொண்டுபோகக் கூடாது. வராந்தாவில் விட்டால் எஸ்டேட் பிள்ளைகள் உடைத்துவிடும். அதுவோ இயந்திரம், வந்திருப்பதோ ஆயுத பூஜைக்கு முதல் நாள். என் புத்திக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரில் பூஜைக்கு எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தோம்: மருந்து பம்புகள், அரிவாள்கள், தராசு. எஞ்சினியரும் காலையிலேயே தன் பேனாவையும் ரிப்போர்ட் ஃபைலையும் என்னிடம் கொடுத்து, "சரஸ்வதிகிட்ட வெச்சுடு" என்று சொல்லியிருந்தார். விமானம் துணிமேல் ஆடியது. ஃபைலைக் கயிற்றால் இறுகக் கட்டி, அதன் மேல் தூக்கி வைத்தேன்; அசையாமல் நின்றது. மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தவன், பொரியும் சுண்டலுமாக வேலை வந்ததும் மறந்தே போனேன்.

மறுநாள் கற்பூரம் காட்டும் நேரத்துக்குச் சரியாக இன்னொரு கார் வந்தது. மூணு எஞ்சின் கம்பெனியின் மெட்ராஸ் ஏஜண்ட். விருந்தாளியாயிற்றே என்று கூட்டம் அவரை முன்னால் தள்ளிவிட்டது. கும்பிட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார், தீர்ப்பே எழுதியாச்சு போலிருக்கு? ரிப்போர்ட் மேலயே அவங்களை உக்கார வெச்சிருக்கீங்க."

எஞ்சினியர் அப்போதுதான் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "இது எப்படி இங்கே வந்தது?"

"நான்தாங்கய்யா வச்சேன். ஒங்க ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னீக. அதான் இங்க..."

"நல்ல ஆளுய்யா நீ!" என்றார் டிரைவர் அண்ணன். "வீட்டுக்குள்ள விடாதன்னா, கொண்டுபோயி சாமிகிட்ட ஒக்கார வச்சிட்டியே!"

கூட்டம் சிரித்தது. எஞ்சினியரும் மெட்ராஸ்காரரும் சிரிக்கவில்லை.

"இப்பவே திருப்பி அனுப்பணும். ஜீப்பை எடு."

"ஜீப்பும் பூசையில இருக்குங்கய்யா. நாளைக்கு விடியவும்தான் எடுக்கலாம்."

"அந்தக் கம்பெனி ஆள் மதுரைல நான் இருக்கற ஹோட்டல்லதான் தங்கியிருக்கார். நானே கொண்டு போறேன்" என்று மெட்ராஸ்காரர் கை நீட்டினார். "அய்யய்யோ, தொடாதீக!" என்று பத்துக் குரல் எழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டவர், தானே சொன்னார்: "ஆமா. எங்க வீட்லயும் நாளைக்குப் பரீட்சைன்னாக்கூட இன்னிக்குப் புஸ்தகத்தைத் தொட விட மாட்டாங்க." பிறகு எஞ்சினியரைப் பார்த்து, "நான் காலைல வரைக்கும் இருக்கலாமா?" என்று கேட்டார்.

இப்படியும் ஒரு நாள். ஃபைல் அங்கே, விமானம் அதன் மேலே. ஸ்டோருக்குப் பூட்டுக்கூடக் கிடையாது. சாப்பாட்டு மேசையில் இருவரும் மழை, மிளகு, மெட்ராஸ் வெயில் எல்லாம் பேசினார்கள்; விமானப் பேச்சு மட்டும் வரவில்லை. எஞ்சினியர் ஒரு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மத்தியானம் மெட்ராஸ்காரர் அடுக்களைக்கு வந்தார். "அந்த ஃபைல்ல என்ன எழுதியிருக்கார்னு பாத்தீங்களா?"

"பாத்தாலும் எனக்குப் புரியாதுங்க."

"எனக்குப் புரியும். அதான் கஷ்டம்" என்றார். இரண்டு வருஷமாக இந்த ஒரு ஆர்டருக்காக அலைகிறாராம்.

சாயங்காலம் நான் ஸ்டோருக்குப் போனபோது மெட்ராஸ்காரர் அங்கே நின்றிருந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, குனிந்து, எதிராளியின் விமானத்தை அடிவயிறு வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலின் கயிறு நான் கட்டிவைத்தபடியே இருந்தது. "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார் என்னிடம்.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் எடுத்தோம். எஞ்சினியர் பேனாவைத் திறந்து முதல் எழுத்தாக ஒரு கடிதம் எழுதினார்: சமையல்காரர் தெரியாமல் வாங்கிய பொருள், பூஜைக்கு மட்டும் வைக்கப்பட்டது, திருப்பி அனுப்புகிறேன். பெட்டியை நான்தான் மெட்ராஸ்காரரின் காருக்குத் தூக்கிப் போனேன். டிக்கியைத் திறந்தால், உள்ளே அதே அளவில் இன்னொரு பெட்டி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இது என் பையனுக்கு" என்று சொல்லி டிக்கியை மூடினார்.

பொங்கல் கழிந்து எஞ்சினியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டிரைவர் அண்ணனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ரெண்டு எஞ்சினுக்கே ஆர்டராம். தோற்ற கம்பெனி, இவர் அன்பளிப்பு வாங்கினார் என்று புகார் எழுதக் கிளம்பியதாம். அவர்களுடைய மெட்ராஸ் ஏஜண்டே குறுக்கே நின்று, "அந்தப் பொம்மையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான், அந்த ஃபைல் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறேன், அவர் பேரைத் தொடாதீர்கள்" என்று தடுத்துவிட்டாராம்.

டிரைவர் அண்ணன் ஜீப் துடைக்கும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி. நீ சொன்னியே, அந்த டிக்கியில இருந்த பெட்டி? பையன்கிட்ட போய்ச் சேந்துச்சாமா?"

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.